மெஸ்ஸியானின் காலக்கணக்கு

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் எழுதிய 'காலத்தின் முடிவுக்கான குவார்டெட்' என்ற படைப்பின் முதல் பகுதியில் பியானோவுக்கு இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றில் 29 கார்டுகள், அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். இன்னொன்றில் 17 கால அளவுகள். இரண்டும் சேர்ந்தே புறப்படுகின்றன. 17 அளவுகளும் தீர்ந்து தாள வரிசை மறுபடி தலையிலிருந்து தொடங்கும்போது கார்டு வரிசையில் இன்னும் 12 பாக்கி நிற்கும். அதனால் முன்பு குறிலாக ஒலித்த கார்டு அடுத்த சுற்றில் நெடிலாகிவிடும், நெடில் குறிலாகும். 17, 29 இரண்டுமே பகா எண்கள். இரண்டு வரிசைகளும் மறுபடி ஒரே இடத்தில் வந்து சேர வேண்டுமானால் 493 கார்டுகளை வாசித்தாக வேண்டும். செல்லோவுக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு: 5 சுரங்கள், 15 கால அளவுகள். இந்தக் கணக்கு எதிலும் சேராமல் கிளாரினெட்டும் வயலினும் மேலே இரண்டு பறவைகளாகப் பாடிக்கொண்டிருக்கின்றன. சுமார் மூன்று நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. சுற்று முடிவதற்கு வெகு முன்பே.

கேட்பவர் காதில் ஒருபோதும் முழுமையாக விழப்போகாத ஒரு கணக்கை எதற்காக இவ்வளவு மெனக்கெட்டுப் போட வேண்டும்? மெஸ்ஸியானின் அறுபது ஆண்டுக் கால இசையை முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவரைப் பற்றி மூன்று கதைகள் புழங்குகின்றன. போர்க்கைதி முகாமில் இசை எழுதியவர், இந்தியத் தாளங்களைக் கையாண்டவர், பறவைகளின் பாட்டைக் குறித்துக்கொண்டவர். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் தனித்தனி அதிசயங்களாகச் சொல்லும் பழக்கத்தில் அவற்றுக்குப் பொதுவான வேர் மறைந்துபோகிறது. மெஸ்ஸியான் ஆழ்ந்த கத்தோலிக்கர். நித்தியம் என்பது மிக நீண்ட காலம் அல்ல, காலமே இல்லாத நிலை என்று நம்பியவர். இசையோ காலத்துக்குள்தான் நடந்தாக வேண்டிய கலை. இந்த முரண்பாட்டை விட்டு அவர் கடைசிவரை நகரவில்லை.

அவர் பிறந்தது 1908 டிசம்பர் 10 அன்று, பிரான்ஸின் தெற்கே அவிஞ்ஞோன் நகரில். தந்தை பியேர் ஆங்கில ஆசிரியர், ஷேக்ஸ்பியரை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். தாய் செசீல் சொவாஜ் கவிஞர். மகன் வயிற்றில் இருந்தபோதே அவனை முன்னிறுத்தி ஒரு கவிதைத் தொகுதி எழுதியவர். முதல் உலகப் போரில் தந்தை ராணுவத்துக்குப் போக, தாயும் பிள்ளைகளும் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள க்ரனோபிள் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே சிறுவன் பொம்மை நாடக மேடை கட்டி ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்தினான். நிறத் தாள்களின் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சிக் காட்சிக்கு வண்ணம் கொடுத்தான். பியானோவைத் தானாகவே கற்றான். பத்து வயதில் ஓர் ஆசிரியர் டெபுஸியின் 'பெலெயாஸும் மெலிஸாந்தும்' ஆபராவின் இசைப் பிரதியைப் பரிசாகக் கொடுத்தார். தன் பாதையைத் தீர்மானித்தது அதுதான் என்று மெஸ்ஸியான் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1919-இல் பாரீஸின் கன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பால் துக்காவிடம் இசையாக்கம், மார்செல் துப்ரேயிடம் ஆர்கன், மொரீஸ் எம்மானுவேலிடம் இசை வரலாறு. கிரேக்க யாப்பின் குறில் நெடில் அளவுகள் அவருக்கு அறிமுகமானது எம்மானுவேலின் வகுப்பில். தாய் 1927-இல் காசநோயில் இறந்தார்.

1931-இல், 22 வயதில், பாரீஸின் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் கலைஞராக அமர்ந்தார். 1992-இல் சாகும்வரை அந்த இருக்கையை விடவில்லை. உலகம் சுற்றிய இசையமைப்பாளர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊரில் இருந்தால் அங்கேதான் இருப்பார். இது வெறும் பக்தி விஷயமல்ல. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி உடனே தேயத் தொடங்கும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி தேயாது, மூச்சு வாங்காது. இளம் வயதில் எழுதிய 'விண்ணக விருந்து' என்ற ஆர்கன் படைப்பிலேயே இந்த வசதியை முழுவதுமாகப் பயன்படுத்தியிருக்கிறார்: சுரங்கள் கொஞ்சம், வேகம் அநியாயத்துக்கு மெதுவு. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் கேட்பவர் எண்ணுவதை விட்டுவிடுகிறார்.

எண்ணுவதை விடச் செய்ய இன்னொரு வழியும் அவரிடம் இருந்தது. மேற்கத்திய ஹார்மனியின் உயிர்நாடி பதற்றமும் விடுதலையும். ஒரு கார்டு இன்னொன்றை நோக்கி இழுக்கும். அது வந்ததும் நிம்மதி. பாட்டு எங்கேயோ போகிறது என்ற உணர்வே இதனால்தான் வருகிறது. இந்த இழுப்பைத் தளர்த்த மெஸ்ஸியான் ஏழு சுரத்தொகுதிகளை வரையறுத்தார்; 1944-இல் வெளியிட்ட 'என் இசைமொழியின் நுட்பம்' என்ற நூலில் அவற்றை விளக்கினார். அவற்றுக்குள் ஒரு சமச்சீர் ஒளிந்திருக்கிறது. ஆதார சுரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் சில தடவைகளில் பழைய சுரங்களே திரும்பி வந்துவிடும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கோபிரியா ராகத்தின் சுரங்களை எடுத்துக்கொண்டு கிரக பேதம் செய்து பாருங்கள். எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் கோபிரியாவே கிடைக்கும். மெஸ்ஸியானின் முதல் தொகுதி அதேதான். எல்லாச் சுரமும் சமமான இடைவெளியில் இருப்பதால் வீடு எது, வாசல் எது என்று காதுக்குத் தெரிவதில்லை. அவருக்கு அதிகம் பிடித்தது இரண்டாவது தொகுதி: அரைச்சுரம், முழுச்சுரம் என்று மாறி மாறி வருவது. இதன் கார்டுகள் தித்திக்கும். சில இடங்களில் திகட்டவும் செய்யும்.

போர் வந்தது. பார்வை மங்கல் என்பதால் அவரைச் சண்டைக்கு அனுப்பாமல் மருத்துவ உதவிப் பணியில் போட்டார்கள். 1940-இல் ஜெர்மானியர்களிடம் சிக்கி, சைலீசியாவின் கோர்லிட்ஸ் நகரை அடுத்த 8-ஏ கைதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். மேலே சொன்ன குவார்டெட் அங்கேதான் முதன்முதலில் வாசிக்கப்பட்டது, 1941 ஜனவரி 15 அன்று. வயலின் ஜான் லெ பூலேர், கிளாரினெட் ஆன்ரி அகோகா, செல்லோ எத்தியேன் பாஸ்கியே, பியானோ மெஸ்ஸியான். ஐயாயிரம் கைதிகள் பனியில் கேட்டார்கள், செல்லோவில் மூன்றே தந்திகள் இருந்தன என்று மெஸ்ஸியான் பிற்காலத்தில் சொல்லி வந்தார். செல்லோ வாசித்த பாஸ்கியே இரண்டையும் மறுத்துவிட்டார்: தந்திகள் நான்கும் இருந்தன, கொட்டகை கொண்டது சில நூறு பேரை. எட்டுப் பகுதிகளில் இரண்டு, முகாமுக்கு முன்பே எழுதியவற்றின் மறுவடிவம். ஐந்தாம் பகுதி 1937 பாரீஸ் கண்காட்சிக்காக ஆறு மின்னிசைக் கருவிகளுக்கு எழுதியது. எட்டாவது, 1930-இல் எழுதிய ஆர்கன் படைப்பின் ஒரு துண்டு. கிளாரினெட் தனியாக வாசிக்கும் மூன்றாம் பகுதி, பிடிபட்ட சில நாட்களில், முகாமுக்குப் போகும் முன்பே அகோகாவுக்காக உருவானது.

இதையெல்லாம் சொன்னால் படைப்பின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையை விட உண்மை சுவாரசியமானது. கார்ல் ஆல்பர்ட் ப்ரூல் என்ற ஜெர்மானியக் காவலர் காகிதமும் பென்சிலும் கொடுத்து, எழுதத் தனிமையும் ஏற்படுத்திக் கொடுத்தார். பின்பு விடுதலைக்கான போலித் தாள்கள் தயாரிக்கவும் உதவினார். அகோகா அல்ஜீரியாவில் பிறந்த யூதர். 1941-இலேயே ஓடும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார், கையில் கிளாரினெட்டோடு. லெ பூலேர் போருக்குப் பின் வயலினை விட்டு நடிகரானார். தலைப்பில் உள்ள 'காலத்தின் முடிவு' பைபிளின் திருவெளிப்பாட்டு நூலில் வரும் தேவதூதனின் அறிவிப்பைச் சுட்டுவது. சிறைவாசம் முடியும் என்ற ஏக்கமாக அதை வாசிப்பது எளிது. மெஸ்ஸியானுக்கு அதில் சங்கீத அர்த்தமும் இருந்தது: சமமாகத் தட்டிச் செல்லும் காலம் இனி வேண்டாம்.

அந்தச் சமமான தட்டுக்கு மாற்று அவருக்குக் கிடைத்த இடம் ஒரு கலைக்களஞ்சியம். ஆல்பேர் லாவிஞ்ஞாக் தொடங்கிய கன்சர்வத்வார் இசைக் களஞ்சியத்தில் ஜோனி க்ரோசே என்பவர் இந்திய இசை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அதில் சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகர'த்திலிருந்து 120 தேசி தாளங்களின் பட்டியல் இருந்தது. சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில், யாதவ மன்னன் சிங்கணனிடம் கணக்கு அதிகாரியாக இருந்தவர். எழுநூறு ஆண்டு கழித்து அந்தக் கணக்கரின் பட்டியல் ஒரு பாரீஸ் மாணவனின் கையில் விழுந்து, அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

பியானோவின் அந்த 17 கால அளவுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை இதுதான். ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுதான் அந்த வரிசை. நடுவில் உள்ள சந்திரகலாவைப் பாருங்கள்: 2, 2, 2, 3, 3, 3, 1. நம் ஊர் மொழியில் சொன்னால் மூன்று குரு, மூன்று புலுதம், ஒரு லகு. லகு ஒன்று, குரு இரண்டு, புலுதம் மூன்று மாத்திரை என்ற பழைய அளவை மெஸ்ஸியான் அப்படியே எடுத்திருக்கிறார். மூன்று இரண்டுகள் மூன்று மூன்றுகளாக வீங்குகின்றன. கடைசியில் ஒரு ஒன்று வந்து முழுக் கணக்கையும் கோணலாக்குகிறது. அந்த ஒற்றை மாத்திரையில்தான் அவருக்குக் கொள்ளை ஆசை. சீரான அளவோடு ஒரு சின்ன மதிப்பைக் கூட்டி நடையைத் தடுமாறச் செய்வது அவருடைய நிரந்தர உத்தியாகிவிட்டது. ராகவர்த்தனத்தை அவர் கையாண்ட விதத்தில் 2, 3, 2 என்று முடியும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. நம்மிடம் மாலைமாற்று என்ற சித்திரகவி உண்டல்லவா, அதன் தாள வடிவம் என்று சொல்லலாம். திருப்பிப் போட முடியாத தாளம் என்று அவர் இதை அழைத்தார். முன்னும் பின்னும் ஒன்றானால் காலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்பதில் பொருளில்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

இதை இந்தியத் தாளம் என்று சொல்வது சரியா? பெயரளவில் சரி, நடைமுறையில் இல்லை. நம் மரபில் தாளம் என்பது கை போடும் சட்டம். பாட்டின் சொற்கட்டு அதன்மேல் விலகியும் நெருங்கியும் ஓடும்; எடுப்பில் வந்து சேரும்போது சபை தலையாட்டும். அந்தச் சேர்க்கைக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். மெஸ்ஸியானிடம் போடும் கையே இல்லை. தாளத்தின் அங்கங்களே நேரடியாகச் சுரங்களின் நீளமாகிவிட்டன. சேர்வதற்கு இடமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. வித்துவான்களிடம் கேட்டுக் கற்றதல்ல இது. அச்சிட்ட பட்டியலைப் படித்த ஒருவரின் சொந்தக் கற்பனை. திருட்டு என்பதும் மிகை, கலாச்சாரப் பாலம் என்பதும் மிகை. சந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முன்பின் கேட்டிராத பாட்டுக்கு மெட்டுப் போடுவதைப் போன்ற வேலை இது. மெட்டு நன்றாக அமைந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது.

1941-இல் விடுதலையாகி, கன்சர்வத்வாரில் ஹார்மனி ஆசிரியரானார். அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருந்த இவோன் லொரியோ அசாத்தியமான பியானோ கலைஞர். 1943-க்குப் பிறகு மெஸ்ஸியான் பியானோவுக்கு எழுதியதெல்லாம் பெரும்பாலும் அவருடைய விரல்களை மனதில் வைத்தே. அந்த ஆண்டுகளில் வீட்டில் துயரம் வேறு. 1932-இல் மணந்த வயலின் கலைஞர் கிளேர் தெல்போ போர் முடியும் தறுவாயில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் நினைவை இழக்கத் தொடங்கினார். 1959-இல் இறக்கும்வரை மருத்துவ இல்லத்தில்தான் இருந்தார். 1961-இல்தான் மெஸ்ஸியான் லொரியோவை மணந்தார். இடைப்பட்ட காலத்தில், 1946 முதல் 1948 வரை, அவர் எழுதியதுதான் 'துரங்கலீலா' சிம்பொனி. காதலையும் சாவையும் பற்றிய பத்துப் பகுதிகள், ஒன்றேகால் மணி நேரம். சார்ங்கதேவரின் பட்டியலில் உள்ள தாளங்களில் ஒன்றின் பெயரும் துரங்கலீலாதான். பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்காக அதன் நடத்துநர் கூசெவிட்ஸ்கி கேட்டு எழுதியது. 1949 டிசம்பர் 2 அன்று லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தினார். ஓந்த் மார்த்தெனோ என்ற மின்னிசைக் கருவியின் ஊளையும் குழைவும் இதில் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் தழுவி எழும். ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட் பதின்வயதில் இந்த ஒலியைக் கேட்டுத்தான் அந்தக் கருவியின் பித்தரானார்.

விமர்சகர்கள் இவரை விட்டுவைக்கவில்லை. 1945-இல் 'மூன்று சிறு வழிபாடுகள்' அரங்கேறியபோது பாரீஸ் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. இறையியலை இவ்வளவு இனிப்பான இசையிலா சொல்வது என்று பக்திமான்கள் கோபித்தார்கள். நவீன இசையில் இறையியல் எதற்கு என்று மற்றவர்கள். அவருடைய மாணவர் பியேர் பூலேஸ், துரங்கலீலாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு ஐந்தாம், பத்தாம் பகுதிகளின் கொண்டாட்டம் சலிப்பதே இல்லை. ஆனால் பூலேஸின் எரிச்சலும் புரிகிறது. வளர்ச்சி என்பது இந்த இசையில் கிடையாது. ஒரு கட்டம் வரும், திரும்ப வரும், இன்னும் சத்தமாகத் திரும்ப வரும். பீத்தோவனிடமிருந்து வந்தவர்களுக்கு இது குறை. மெஸ்ஸியானுக்கு இது கொள்கை.

அதே பூலேஸுக்கு அடுத்த அடியெடுத்துக் கொடுத்ததும் மெஸ்ஸியான்தான் என்பது வேடிக்கை. 1949-இல் எழுதிய ஒரு சிறு பியானோ படைப்பில் 36 சுரங்களுக்கும் தனித்தனியாக நீளம், அழுத்தம், தொடும் விதம் என்று நிரந்தரமாக விதித்துவிட்டார். 24 கால அளவுகள், 12 வகைத் தொடுதல், 7 நிலை ஒலிப்பு. குறிப்பிட்ட ஒரு சுரம் எப்போது வந்தாலும் அதே நீளத்தில், அதே உரப்பில்தான் வரும். ஸ்டாக்ஹவுசனும் பூலேஸும் இதிலிருந்துதான் ஐம்பதுகளின் கறாரான கணித இசையைக் கட்டினார்கள். மெஸ்ஸியானுக்கோ அந்தப் படைப்பின்மேல் பெரிய மோகம் இருக்கவில்லை. ஆசிரியராக அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து அகதியாக வந்து கட்டட அலுவலகத்தில் வேலை பார்த்த செனாக்கிஸ், ஹார்மனியை முதலிலிருந்து கற்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நீங்கள் கிரேக்கர், கணிதமும் கட்டடக்கலையும் தெரிந்தவர், அதையே இசையாக்குங்கள் என்றார் மெஸ்ஸியான். குர்தாக், க்ரிசே, முராய், ஜார்ஜ் பெஞ்சமின் என்று அவருடைய மாணவர்களில் ஒருவர் இசை இன்னொருவர் இசையைப் போல் இல்லை. குருவின் சாயலும் அவர்களிடம் குறைவு.

ஐம்பதுகளில் மற்றவர்கள் எண்களுக்குள் போனபோது அவர் காட்டுக்குள் போனார். பறவைகள் முன்பே அவருடைய இசையில் உண்டு. ஆனால் 1952-இல் பறவையியலாளர் ஷாக் தெலமேனிடம் போய் முறையாகக் கற்ற பிறகு கதையே மாறியது. விடியலுக்கு முன் வயலோரம் நின்று இசைத் தாளில் குறித்துக்கொள்வார். பறவையின் பாட்டு மிக வேகம், மிக உச்சம், சுர இடைவெளியோ அரைச்சுரத்தைவிட நுணுக்கம். ஆகவே வேகத்தைக் குறைத்து, ஸ்தாயியை இறக்கி, இடைவெளிகளைப் பெருக்கி எழுதுவார். பறவைக் குரலின் கரகரப்பும் மினுக்கும் பியானோவில் வர வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு சுரத்துக்கும் தனி கார்டு அமைப்பார். 'அயல்நாட்டுப் பறவைகள்' என்ற 1956 படைப்பு நம் மலை மைனாவின் கூச்சலோடு தொடங்குகிறது. சோலைபாடிக்கும் அதில் முக்கிய இடம்.

இந்த வேலையின் உச்சம், 1956 முதல் 1958 வரை எழுதிய 'பறவைகளின் அட்டவணை'. 13 பியானோ படைப்புகள். ஒவ்வொன்றும் பிரான்ஸின் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதி, ஒரு முதன்மைப் பறவை, அதன் அக்கம்பக்கத்தார். நடுவில் இருப்பது நாணல் கதிர்க்குருவி, அரை மணி நேரம். சொலோஞ் பகுதிக் குளங்களில் நள்ளிரவு தாண்டிய இருட்டில் தொடங்கி, மறுநாள் அதே இருட்டில் முடிகிறது. தவளைகள், நாணலுக்குள் உறுமும் நாரை இனப் பறவை, படிப்படியாக எழும் சூரியனின் கார்டுகள், நண்பகல் வெறுமை, அல்லிப்பூக்கள், மறுபடி இருட்டு. நடுநடுவே நாணல் குருவி கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது. இதில் கதை இல்லை, முடிச்சு இல்லை. பறவை யாருக்காகவும் பாட்டை வளர்ப்பதில்லை. தோன்றினால் பாடும், நிறுத்தும். முகாமில் பகா எண்களைக் கொண்டு செய்ததை இங்கே எண்ணாமலே செய்துவிட்டார். என் மதிப்பீட்டில் மெஸ்ஸியான் மிகவும் முதிர்ந்து ஒலிப்பது இங்கேதான். தித்திப்பு குறைந்து காது கூர்மையாகியிருக்கிறது. 1960-இல் வந்த 'காலநிறம்' இன்னும் துணிச்சலானது. அதன் ஒரு பகுதியில் 18 தந்தி வாத்தியங்கள் 18 பறவைகளாக ஒரே சமயத்தில் பாடும். பாரீஸில் ரசிகர்கள் ஊளையிட்டார்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கார்டைக் கேட்டால் மனக்கண்ணில் நிறங்கள் தெரியும் என்றார், தன் பிரதிகளில் அந்த நிறங்களை எழுதியும் வைத்தார். நமக்கு அவை தெரியப்போவதில்லை என்பதால் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் கேன்யனின் செம்பாறைகளைப் பார்த்து எழுதிய 'பள்ளத்தாக்குகளிலிருந்து விண்மீன்களுக்கு' கேட்கக் கிடைத்தால் விடக்கூடாது. அந்த ஊர்க்காரர்கள் நன்றிக்கடனாக ஒரு மலைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

எட்டு ஆண்டு உழைத்து முடித்த ஒரே ஆபரா 'அசிசியின் புனித பிரான்சிஸ்' 1983 நவம்பரில் பாரீஸில் செய்ஜி ஒசாவா தலைமையில் அரங்கேறியது. நான்கு மணி நேரத்துக்கு மேல். காதல் இல்லை, வில்லன் இல்லை. பறவைகளுக்குப் போதிக்கும் காட்சி மட்டும் முக்கால் மணி நேரம். அதில் வரும் ஒரு பறவையின் குரலைக் குறிக்க நியூ கலிடோனியா தீவுவரை போய் வந்தார். தொழுநோயாளியை பிரான்சிஸ் முத்தமிடும் காட்சி அற்புதம். பறவைக் காட்சியில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பறவைகளைப் பற்றி அவர் ஏற்கெனவே சுருக்கமாகவும் நன்றாகவும் சொல்லியிருக்கிறார். அதைவிட, அவர் கடைசியாக முடித்த படைப்பான 'அப்பாலின் மின்னல்கள்' கட்டுக்கோப்பானது. அதை அவர் கேட்கவில்லை. 1992 ஏப்ரல் 27 அன்று இறந்தார். நவம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் அதை முதன்முதலில் நடத்தியவர் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா. தாளம், நிறம், பறவை மூன்றையும் பற்றி மெஸ்ஸியான் நாற்பதாண்டுக் காலம் எழுதிச் சேர்த்த குறிப்புகளை லொரியோ தொகுத்து ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். சார்ங்கதேவரின் 120 தாளங்களையும் அதில் மெஸ்ஸியான் ஒன்றுவிடாமல் அலசியிருக்கிறார்.

புதிதாகக் கேட்பவர்கள் புகழை நம்பி நேரே துரங்கலீலாவுக்குப் போனால் பாதியில் மூடிவைக்க வாய்ப்பு அதிகம். குவார்டெட்டின் மூன்றாம் பகுதியில் தொடங்கலாம். கிளாரினெட் ஒன்றே, ஏழெட்டு நிமிடம். நம்முடைய ஆலாபனைக்குப் பழகிய காது அங்கே திணறாது. பிறகு 'அயல்நாட்டுப் பறவைகள்', கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டும் பிடித்துவிட்டால் நாணல் கதிர்க்குருவிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், இவோன் லொரியோவின் பதிவு கிடைத்தால் அதையே. பிரான்சிஸ் காத்திருப்பார்.